தோரை மறைத்த தூண்

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் முன்பு அரசு மளிகைக் கடை இருந்தது. கடை படுத்த பிறகு வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்த அந்த இடத்தை ஷைலோபெக் வாங்கி விருந்து மண்டபம் ஆக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், இந்தச் சூய் சமவெளியிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் நான்தான். எலித்தொல்லை ஒழியும் என்று நினைத்தேன். ஒரே மாதத்தில், எலிகளே தேவலை என்று நினைக்க வைத்துவிட்டான்.

நான் கனிஷாய். அந்த மண்டபத்துக்கு நேர் மேலே முதல் மாடியில் குடியிருக்கிறேன். கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் கான்கிரீட் தளங்களுக்குக் கணக்குப் போட்டே தலை நரைத்து, ஓய்வு பெற்றவள். எல்லோரும் தரையின் மேல் நிம்மதியாக நடக்கிறார்கள். எனக்கு மட்டும் தரைக்குள் கம்பி எங்கே ஓடுகிறது, பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்ற நினைப்பு விடாது. கணவரோடு நடனமாடியபோதுகூட அந்த நினைப்பு இருந்தது. அவர் அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டார்.

ஷைலோபெக் கெட்டவன் இல்லை. பழைய கார்களின் உதிரி பாகம் விற்றுப் பெரிய ஆள் ஆனவன். எதையும் கழற்றி விற்கலாம், எதையும் கழற்றி வேறு இடத்தில் மாட்டலாம் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த தத்துவம். ஒரு நாள் என்னைக் கீழே கூப்பிட்டான்.

"அக்கா, வாசல்ல நின்னு பாருங்க. எதிர்ல என்ன தெரியுது?"

"தூண் தெரியுது."

"அதேதான்! தோர் தெரியலை பாருங்க. இப்ப அங்க போய் உக்காந்து இந்தப் பக்கம் பாருங்க. என்ன தெரியுது?"

போய் உட்கார்ந்தேன். "தூண் தெரியுது."

"பாத்தீங்களா! நாளைக்கு ஒரு பெரிய மனுஷன் வந்து இங்க உக்காருவாரு. அவருக்குப் பொண்ணு தெரியாது, மாப்பிள்ளை தெரியாது, ஆட்டம் பாட்டம் ஒண்ணும் தெரியாது. தூணுக்கா கல்யாணம் பண்றோம்?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. வாசலுக்கு நேர் எதிரே, சுவரோரம் உள்ள இடம்தான் தோர். கூட்டத்தில் மிகப் பெரியவர் அங்கே உட்காருவார். அவருக்கு அடுத்தவர் அவர் பக்கத்தில், அதற்கடுத்தவர் அடுத்து என்று இறங்கி இறங்கி, டீ ஊற்றும் மருமகள் வாசலோரம் வந்து முடியும். யாருக்குத் தோர் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதற்காக இந்த ஊரில் சம்பந்திகள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு முன்னால் தன்பாட்டுக்கு ஒரு தூண் நின்றால் அவனுக்கு வயிறு எரியாதா?

"அதனால எடுத்துடலாம்னு இருக்கேன்," என்றான், ஆணியைப் பிடுங்கப்போகிறவன் மாதிரி.

"டேய், அது என் சமையலறைடா!"

"சமையலறை மேல இருக்கு அக்கா. நான் கீழ இருக்கிறதைத்தான் எடுக்கிறேன்."

"மேல இருக்கிறது இது மேலதான் இருக்கு! என் சமையலறை மூலையில நிக்கிறதும் இதே தூண்தான். அதுக்கு மேல கல்மாமத் பெரியவரோட படுக்கையறை. அதுக்கு மேல சோனுன்பூபூவோட அலமாரி மூலை. அப்புறம் கூரை. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா இந்தக் கால்லதான் நிக்குது."

"மீதி பதினொரு தூண் இருக்கே?" என்றான். "அதெல்லாம் சும்மாவா நிக்குது? சோவியத் காலத்து ஆளுங்க பயந்த சுபாவம் அக்கா. ஒண்ணு போதும்னா ரெண்டா போடுவாங்க. அதுல ஒண்ணைத்தான் நான் எடுக்கிறேன்."

தூணை எடுக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. முறையாக முட்டுக் கொடுத்து, கணக்குப் பார்த்து, பெரிய இரும்பு உத்திரம் வைத்து, அதன் பாரத்தை இறக்கப் பக்கத்துத் தூண்களையும் அடித்தளத்தையும் பலப்படுத்திச் செய்யலாம் என்று விளக்கினேன். உத்திரம் எவ்வளவு கீழே தொங்கும் என்று கேட்டான். கையால் அளந்து காட்டினேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. துபாயிலிருந்து சரவிளக்கு வாங்கியிருக்கிறானாம். உத்திரம் வந்தால் சரவிளக்கு விருந்தாளியின் தலையில் இடிக்குமாம். கட்டடமே இடிவதை விட அது அவனுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

மறுநாள் கட்டட ஆய்வாளர் துய்ஷோன்பெக்கைப் போய்ப் பார்த்தேன். நல்ல உயரம், நல்ல தொப்பை, எதைச் சொன்னாலும் "சரியாச் சொன்னீங்க" என்று சொல்லும் நல்ல மனிதர். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரியாச் சொன்னீங்க" என்றார். அப்புறம், அனுமதி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்றார்.

"இடத்துக்கு வந்து பாத்தீங்களா?"

"பாக்கிறதுக்கு என்னக்கா இருக்கு? தூண் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வெட்கப்படுகிற மாதிரி, "முதல் விருந்துல தோர்ல உக்காரப்போறது யாருன்னு தெரியுமா?" என்றார்.

தெரிந்துவிட்டது. அவர் கண்ணுக்கு மறைக்கும் தூணை எடுக்க அவரே அனுமதி கொடுத்திருக்கிறார். இதற்கு மேல் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பிஷ்கெக்கில் இருக்கும் என் மகன் போனில், "அம்மா, பேசாம இங்க வந்துடு," என்றான். "வீட்டைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு வரவா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். எனக்கு இருப்பது இந்த ஒரு வீடுதான். இதை விட்டுப் போய் மருமகளிடம் டீ ஊற்றி வாங்கிக் குடிக்கும் வயதும் எனக்கு இன்னும் வரவில்லை.

ஷைலோபெக் சட்டப்படி நடப்பவன் என்று பெயர் வாங்க ஆசைப்பட்டான். மேலே குடியிருப்பவர்கள் சம்மதம் வேண்டுமாம். அதனால் ஓர் ஆட்டை அடித்தான். மண்டபத்தில் கம்பளம் விரித்து, மெத்தை போட்டு, கட்டடத்தில் உள்ள எல்லோரையும் கூப்பிட்டான். நான் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் இல்லாத இடத்தில் என் தரையைப் பற்றிப் பேச விடுவதா? தவிர, காலையிலிருந்து கறி வேகும் வாசனை என் ஜன்னல் வழியாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது.

தோரில் கல்மாமத் பெரியவர் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் மாடிக்காரர், கட்டடத்தின் அக்சகால். வெள்ளைத்தாடிக்காரர் என்று அதற்குப் பொருள். அவருக்குத் தாடி சரியாக வளராது, ஆனால் கட்டடத்தில் அவரை விட மூத்தவர் கிடையாது. தூணுக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அவருடைய ஒரு காதும் தொப்பியின் ஓரமும் மட்டும் தெரிந்தன. ஷைலோபெக் எல்லோரையும் அதைக் கவனிக்கச் சொன்னான். "பாருங்க, நம்ம பெரியவருக்கு வந்த நிலைமையை!" என்றான். எல்லோரும் "ச்சு ச்சு" என்றார்கள்.

நான் எழுந்தேன். எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசித்து, முன்னால் இருந்த வட்டமான தந்தூர் ரொட்டி ஒன்றை எடுத்தேன். இரண்டு ஓரத்தையும் பிடித்து நடுவில் அழுத்தினேன். அடிப்பக்கம் விரிசல் விட்டது.

"இதான் கான்கிரீட். அமுக்கினா தாங்கும், இழுத்தா தாங்காது. தளம் தொங்குற இடத்துல அடிப்பக்கம் இழுபடும், அதனால அங்க கம்பி அடியில இருக்கும். தூணுக்கு மேல தளம் தூக்கிக் குடுக்கும், அங்க மேல்பக்கம் இழுபடும். அதனால அங்க கம்பி மேல இருக்கும்." ரொட்டியைத் திருப்பி, என் முட்டியின் மேல் வைத்து இரண்டு ஓரத்தையும் கீழே அழுத்திக் காட்டினேன். இப்போது மேல்பக்கம் வெடித்தது. "முட்டியை எடுத்துட்டா என்ன ஆகும்? அந்த இடம் தொங்கும். அடி இழுபடும். ஆனா அங்க பெரிய கம்பியெல்லாம் மேலதானே கிடக்கு! அடியில பேருக்குத்தான் இருக்கு. போதாததுக்கு, தூணுக்குத் தூண் தூரம் ரெண்டு மடங்கானா தளத்தை வளைக்கிற விசை நாலு மடங்கு ஆகும்."

எல்லோரும் என் கையில் இருந்த ரொட்டியையே பார்த்தார்கள். புரிந்துவிட்டது என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

"ரொட்டியைக் குப்புறத் திருப்பினே," என்றார் கல்மாமத் பெரியவர் தூணுக்குப் பின்னாலிருந்து. "முட்டி மேல வெச்சே."

"பெரியவரே, நான் சொல்ல வந்தது—"

"ரொட்டியை முட்டி மேல வெக்கலாமா? உன் வீட்டுல உனக்கு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அதன் பிறகு கொஞ்ச நேரம் ரொட்டிக்கு நேர்ந்த அவமானம்தான் பேச்சு. யாரோ அதை என் கையிலிருந்து வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டு, நிமிர்த்தி வைத்தார்கள். தளத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அப்போது கறி வந்தது. எங்களில் கறியை யாரும் இஷ்டத்துக்கு எடுப்பதில்லை. ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு மரியாதை உண்டு. இடுப்பெலும்பு மூத்தவருக்கு, தொடையெலும்பு அடுத்தவருக்கு என்று இறங்கும். நான் விடவில்லை.

"சரி, இதைக் கேளுங்க. கட்டடத்துக்கும் இதே பங்குதான். மூலைத் தூணுக்குச் சின்ன எலும்பு. ஓரத்துத் தூணுக்கு அதை விடப் பெருசு. நடுத்தூண் நாலு பக்கத்துலேர்ந்தும் பங்கு வாங்குது, அதுக்குத்தான் இடுப்பெலும்பு. ஒவ்வொரு மாடியிலேர்ந்தும் ஒரு இடுப்பெலும்பு, கூரையிலேர்ந்து ஒண்ணு. அதை எழுப்பி அனுப்பிட்டா அந்தக் கறியெல்லாம் யாரு திங்கறது? பக்கத்துத் தூணுங்க வயிறு வெடிச்சுச் சாகும்!"

"சாப்பாட்டு நேரத்துல சாவைப் பத்திப் பேசாதீங்க அக்கா," என்றாள் சோனுன்பூபூ. மூன்றாம் மாடிக்காரி. தையல் வேலை செய்பவள். நல்லவள். என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "எனக்கு இது விளங்கலை. நான் இருக்கிறது மூணாவது மாடி. கீழ எதை எடுத்தா எனக்கென்ன?"

எத்தனையோ இளம் பொறியாளர்களைத் திட்டியிருக்கிறேன். இப்படி ஒரு கேள்வி எந்த மடையனிடமிருந்தும் வந்ததில்லை.

எல்லோரும் சாப்பிட்டு முடித்து, நூடுல்ஸ் கிண்ணத்தைத் துடைத்து, சூப்பையும் குடித்த பிறகு ஷைலோபெக் எழுந்தான். "தூணை எடுக்கிறதுக்குச் சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க. கட்டாயம் ஒண்ணும் இல்ல," என்றான்.

விரல்களில் இன்னும் கொழுப்பு மினுமினுத்தது. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள். கல்மாமத் பெரியவரின் கை தூணின் ஓரத்திலிருந்து மெதுவாக எழுந்தது. சோனுன்பூபூ என்னைப் பார்க்காமல் தூக்கினாள். ஆட்டைத் தின்றுவிட்டு ஆடு கொடுத்தவனுக்கு எப்படி இல்லை என்று சொல்வது? தங்கள் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் உள்ள தளத்தை ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மனமாரக் கொடுத்தார்கள். நானும் சாப்பிட்டேன், ஆனால் கையைத் தூக்கவில்லை. அதற்காக அன்று எல்லோரும் என்னை நன்றியில்லாதவள் என்று பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலையில் கான்கிரீட் உடைக்கும் இயந்திரத்தைக் கீழே இழுத்து வரும் சத்தம் கேட்டது. அதற்குள் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிப் பார்த்திருந்தேன். கதவு திறந்தவர்கள் டீ குடிக்கச் சொன்னார்கள். நகரத்துப் பெரிய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். என்னிடம் மிச்சம் இருந்தது ஒரு கெட்டிலும் தாங்க முடியாத கோபமும்தான். கெட்டிலில் தண்ணீர் கொதித்தது. டீ போட்டேன். அலமாரியிலிருந்து எங்கள் கல்யாணத்துக்கு வந்த பட்டு மெத்தைகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, டீயையும் கிண்ணங்களையும் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

ஷைலோபெக் அதை ஒரு விழாவாகவே வைத்திருந்தான். துய்ஷோன்பெக் புது கோட்டில் வந்திருந்தார். ஆசீர்வாதம் சொல்லக் கல்மாமத் பெரியவர் வந்திருந்தார். மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். இயந்திரக்காரர் தூணுக்குப் பக்கத்தில் கண்ணாடி மாட்டிக்கொண்டு நின்றார். முட்டு என்று பெயருக்கு இரண்டு மரக்கட்டைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். என் வீட்டுத் துணிக் கொடிக்குக் கூட அதை விட நல்ல கட்டை வைத்திருக்கிறேன்.

யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் தூணைச் சுற்றிப் போய், தோரில் மெத்தைகளை விரித்தேன். கிண்ணங்களை வைத்தேன்.

"என்ன அக்கா இது?" என்றான் ஷைலோபெக்.

"பெரியவங்க வந்திருக்காங்க. நிக்க வெச்சே பேசுவியா? தோர் தயார். வாங்க, உக்காருங்க. தூணை உடைக்க உடைக்க டீ குடிப்போம்."

"உடைக்கும்போதா?"

"ஆமா. எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. பாலம் கட்டினா, முதல் லாரி மேல போறப்ப, சரின்னு சொன்னவன் கீழ நிக்கணும். இங்க சரின்னு சொன்னவங்க எல்லாரும் இருக்கீங்க. நிக்கக்கூட வேணாம், மெத்தை போட்டிருக்கேன். அதிகாரி ஐயா, நீங்கதான் முதல்ல. இந்த இடம் உங்களுக்குன்னு சொன்னீங்களே? இதோ, தூண் போனதும் கண்ணுக்கு முன்னால எல்லாம் பளிச்சுன்னு தெரியும்."

துய்ஷோன்பெக் ஓர் அடி எடுத்து வைத்தார். தலையை நிமிர்த்தித் தளத்தைப் பார்த்தார். அந்தக் கட்டடத்தின் எந்தப் பகுதியையும் அவர் நிமிர்ந்து பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

"அக்சகால் இருக்கும்போது நான் எப்படி அங்க உக்காருறது?" என்றார். "அது மரியாதை இல்ல. பெரியவரே, நீங்க வாங்க."

"ஐயோ, நானா?" கல்மாமத் பெரியவர் ஒரு அடி பின்வாங்கினார். "நான் இந்தக் கட்டடத்து ஆளு. விருந்தாளி நீங்க. அரசாங்கத்து மனுஷன். உங்களை விட்டுட்டு நான் உக்காந்தா ஊர் என்ன சொல்லும்?"

"வயசுக்கு முன்னால அரசாங்கம் என்ன? வாங்க, வாங்க."

"வயசாச்சே தவிர நான் என்ன பெரிய ஆளா? ஷைலோபெக் தம்பி இருக்கான். இடமே அவனோடது."

"நான் வீட்டுக்காரன்!" என்று அலறினான் ஷைலோபெக். "வீட்டுக்காரன் வாசலோரம்தான் உக்காரணும். எங்கப்பா அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்காரு."

"ரொம்ப அடக்கம் பாக்காதீங்க," என்றேன், டீயை ஊற்றிக்கொண்டே. "ஆறிடும். நானும் உங்க பக்கத்துல உக்காந்துதான் ஊத்தப்போறேன்." சொன்னபடி மெத்தையில் உட்கார்ந்தும்விட்டேன். யாராவது ஒரு முட்டாள் வீம்புக்கு வந்து உட்கார்ந்துவிட்டால்? ஆனால் என் ஊரை எனக்குத் தெரியும்.

இத்தனை வருடத்தில் எங்கள் கட்டடம் இவ்வளவு பணிவைப் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் முழங்கையைப் பிடித்துத் தோரை நோக்கித் தள்ளினார்கள், ஒவ்வொருவரும் தன்னை விடப் பெரியவர் யார் என்று தேடினார்கள். தள்ளுமுள்ளு மெல்ல மெல்ல வாசல் பக்கமாகவே நகர்ந்தது. துய்ஷோன்பெக்குக்கு முட்டி வலி என்று நினைவு வந்தது. பிறகு போன் வந்தது. மணி அடித்த மாதிரி எனக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கடைசியில் அத்தனை பேரும் வாசல் நிலையில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, தோரில் நான் மட்டும் தனியாக, ஆறு கிண்ணம் டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

"உடைங்க," என்றேன் இயந்திரக்காரரிடம்.

அவர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். "இவங்க உக்கார மாட்டேங்குற இடத்துல நான் நிக்கணுமாக்கும்?" என்றார். கண்ணாடியைக் கழற்றி, ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

ஷைலோபெக் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்புறம் ஒரு நாள் கையில் குதிரைக்கறி சாசேஜோடு வந்து கதவைத் தட்டி, தூணுக்குக் கண்ணாடி ஒட்டினால் தளத்துக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டான். ஒன்றும் ஆகாது என்றேன். எடை கேட்டான், சொன்னேன். தளத்துக்கும் எடைக்கும் சம்பந்தம் உண்டு என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முதல் கல்யாணத்தோடு நடந்த திறப்பு விழாவில் துய்ஷோன்பெக்கைத் தோரில் உட்கார வைத்தார்கள். மறுக்க வழியில்லை. இப்போது அங்கே ஆபத்தும் இல்லையே. மணமகளும் பாடகியும் ஆட்டமும் தூணுக்கு அந்தப் பக்கம் நடந்தன. ஆய்வுக்கு ஒரு தடவையும் வந்து பார்க்காத தூணை அவர் விருந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. அதனால் அதிகம் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

சோனுன்பூபூ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இன்னும் கோவமா?"

"எதுக்கு?"

"அன்னைக்கு நான் கை தூக்கினதுக்கு."

"உன் மேல எதுக்குக் கோவம்? மூணாவது மாடி ஆகாசத்துல தொங்குதுன்னு நெனச்சுட்டே. தெரியாத்தனம்."

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "எனக்கா தெரியாது? அந்தத் தூண் போனா நாங்களும் கீழதான்னு நல்லாவே தெரியும் அக்கா. கல்மாமத் பெரியவருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா தூக்கினீங்க?"

"நீங்க இருக்கீங்கல்ல? நீங்க எப்படியும் விட மாட்டீங்க. அந்த தைரியத்துலதான் தூக்கினோம். சாப்பிட்ட வீட்டுல நாங்க எதுக்குப் பகைச்சுக்கணும்?" என்று சொல்லி, தன் பங்கிலிருந்து ஒரு நல்ல கொழுப்புத் துண்டாகப் பார்த்து என் தட்டில் வைத்தாள். "சாப்பிடுங்க அக்கா."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். எழுந்து எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போக வேண்டும் போல இருந்தது. வாயில் கறி இருந்தது. தலையை நிமிர்த்தி, என் சமையலறை இருக்கும் இடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டு, மென்று விழுங்கினேன்.